சுவருக்கு அந்தப் பக்கம் வெண்பா

செருப்பை உள்ளேயே விடுங்க தம்பி. வெளியில் விட்டால் நாய் ஒற்றைச் செருப்பைத் தூக்கிக்கொண்டு போய்விடும். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு அது என்னதான் செய்யுமோ தெரியவில்லை. இருங்க, விளக்கைப் போடுகிறேன். பகலிலும் போடத்தான் வேண்டும். ஓட்டேரியில் எந்த வீட்டில் பகலில் விளக்குப் போடாமல் இருக்கிறார்கள், சொல்லுங்க பார்ப்போம்.

இதுதான் வீடு. இந்த ஒரு பெரிய அறை, அந்தத் தடுப்புக்குப் பின்னால் சமையல். குளிக்கிற இடமெல்லாம் வெளியே, உங்களுக்கென்று தனி. மோட்டார் காலையில் நான் போடுவேன். சுவரைப் பாருங்க, கண்ணாடி மாதிரி இருக்கு. பெயின்ட் அடித்து ஒரு மாதம் ஆகிறது. நன்றாகக் காய்ந்துவிட்டது. கீழே பட்டி பார்த்து, அதன் மேல் இரண்டு கை அடித்திருக்கிறேன். ஓதம் ஏறாத பெயின்ட்டாம், கடைக்காரன் சொன்னான். மோந்து பார்க்காதீங்க தம்பி, எனக்குச் சிரிப்பு வருகிறது.

அந்த நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்க. நான் இதில் உட்காருகிறேன். முட்டி. நின்றால் உட்கார முடியாது, உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது.

ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீங்க. குழந்தை இருக்கா?

எட்டு மாதக் குழந்தையா.

ஓ.

இல்லை, சும்மாதான் கேட்டேன். சம்சாரம் தாய்வீட்டில் இருக்காங்களா? நல்லதுதான். இன்னும் கொஞ்ச நாள் அங்கேயே இருக்கட்டுமே, என்ன அவசரம்?

போர்டில் சிறு குடும்பத்துக்கு மட்டும் என்று எழுதியிருக்கிறதே என்கிறீங்களா? அது பழைய போர்டு. இந்தத் தடவை பேச்சிலர் பையன்களுக்குக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். தெருவே சிரிக்கிறது. எதிர்வீட்டு அம்மா, "என்ன மங்கை, ஊரே ஃபேமிலி கேக்குது, நீ பேச்சிலர் கேக்கறே? இந்த வயசுல துணை தேடறியா?" என்கிறாள். அவள் வாய் அப்படி. குழந்தைகள் இருந்தால் சுவரில் கிறுக்கும், அதுதான் காரணம். வேறு ஒன்றும் இல்லை.

போன குடும்பத்துக் குழந்தை கிறுக்கினதில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு கோடு போட்டதில்லை. நாலு வயசு. வெண்பா என்று பேர். நம்ம பேட்டையில் யாராவது இப்படிப் பேர் வைத்துப் பார்த்திருக்கீங்களா? அப்பன் இளம்பரிதிக்கு அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை, அதனால் அந்தப் பேர். அம்மா பவளம். திருத்துறைப்பூண்டிப் பக்கத்து ஜனங்கள். ஆவணியில் குடிவந்தார்கள். அவர்கள் இரண்டு பேரும் எனக்கு முன்னால் அக்கா, அக்கா என்பார்கள். பின்னால் ஓனர் என்பார்கள் போலிருக்கிறது. குழந்தை அதைப் பிடித்துக்கொண்டுவிட்டது. என் பேரே ஓனர் என்று நினைத்திருந்தது. "ஓனர், நாய் குட்டி போட்டிருக்கு, வா." "ஓனர், உனக்கு ஏன் பல்லு ஆடுது?" பவளம் வாயைப் பொத்துவாள். நான், "விடுடி, அது சொல்றது சரிதானே" என்பேன்.

வரும்போது நல்ல குழந்தையாகத்தான் வந்தது. வாசலுக்கும் பின்கட்டுக்கும் ஓடிக்கொண்டே இருக்கும். அப்படிச் சொல்லக் கூடாது, சொன்னால் வேறு மாதிரி அர்த்தம் ஆகிவிடும். வரும்போதே நோய் உள்ளுக்குள் இருந்திருக்கும். யாருக்குத் தெரியும்.

என்ன பார்க்கறீங்க? அந்த ஷெல்ஃபா? நன்றாக இருக்கிறது இல்லையா? வருகிறவர்கள் எல்லாரும் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். அது முன்னால் ஜன்னல். எங்கள் வீட்டுக்காரர் போன பிறகு ஒரு மழை நாளில் நான் பின்கட்டில் வழுக்கி விழுந்தேன். முட்டி போனது அன்றைக்குத்தான். என் பையன் கோயம்புத்தூரிலிருந்து ஓடி வந்து, "இனிமே நீ வெளியில போய்க் குளிக்கக் கூடாது, ரூமோட சேர்த்து ஒண்ணு கட்டிடலாம்" என்றான். இடம் எங்கே இருக்கிறது? இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சந்து சும்மா கிடந்தது. அதில் கட்டினோம். ஜன்னலைத் திறந்தால் என் பாத்ரூம் என்று ஆகிவிட்டது, அப்புறம் ஜன்னலை அடைக்காமல் என்ன செய்ய? அடைத்து, பலகை வைத்து, ஷெல்ஃப் ஆக்கிவிட்டோம். பவளம் வந்த அன்றைக்கே அதில் முருகன் படத்தை வைத்தாள்.

ஆக, இந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் அவர்கள் பாய் விரித்துப் படுப்பார்கள். அந்தப் பக்கம் நான் குளிப்பேன். அவ்வளவுதான்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. போன வருஷத்து மழை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். தெருவில் ஏற்கெனவே பாலத்துக்குத் தோண்டிப் போட்ட மண், அதன் மேல் மழை, அதன் மேல் பஸ். டிப்போவிலிருந்து வருகிற பஸ்ஸெல்லாம் நம்ம வாசலில்தான் நின்று உறுமும். மழை விட்டால் சேறு, வெயில் வந்தால் அந்தச் சேறே புழுதி. "கதவைச் சாத்தியே வை பவளம், புகையும் புழுதியும் குழந்தைக்கு ஆகாது" என்று நான்தான் சொன்னேன். அந்த அக்கறை எனக்கு இருந்தது. இல்லையென்று யாரும் சொல்ல முடியாது.

துணி காயப்போட ஒரு இடம் வேண்டுமே என்றாள். மாடியை நான் யாருக்கும் திறந்துவிடுவதில்லை தம்பி. முன்னால் ஒரு குடும்பம் இருந்தது, அந்தப் பையன்கள் தண்ணித் தொட்டி மேல் ஏறி நின்று பட்டம் விட்டார்கள். விழுந்திருந்தால் யார் பதில் சொல்வது? அன்றிலிருந்து பூட்டு. ஆனால் பவளம் கேட்டபோது மனசு கேட்கவில்லை. இந்த வீட்டில் ஒரு ஆணி அடிக்க நான் யாரையும் விட்டதில்லை. அவளுக்காக நானே ஆளைக் கூப்பிட்டு, இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நைலான் கயிறு கட்டிக் கொடுத்தேன். "ஃபேனைப் போட்டு விடு, காஞ்சிடும்" என்றேன். மழைக்காலம் முழுக்க அந்தக் கயிற்றில் துணி தொங்கியது. குழந்தை அதற்குக் கீழே கூடாரம் கட்டி விளையாடும்.

நான் வெள்ளென எழுந்து குளிக்கிற ஆள். ஒரு நாள் குளித்துக்கொண்டிருக்கும்போது விசில் மாதிரி ஒரு சத்தம். மெல்லிசாக, இழுத்து இழுத்து. குழாயில் காற்று அடைத்திருக்கிறது என்று நினைத்தேன். குழாயை மூடினேன். சத்தம் நிற்கவில்லை. சுவரில் காதை வைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அது குழாய் இல்லை.

"ராத்திரி பூரா இப்படித்தான்க்கா" என்றாள் பவளம். "படுக்க வெச்சா மூச்சு விட முடியலை. உக்கார வெச்சே தூங்க வெச்சேன்."

நான் விசாரிக்க வேண்டியதையெல்லாம் விசாரித்தேன். விசாரிக்காமல் விடுகிறவள் இல்லை நான். "சிசேரியனா?" "இல்லக்கா." "தாய்ப்பால் கொடுத்தியா?" "கொடுத்தேன்க்கா." "ஐஸ் வாங்கிக் கொடுத்தியா?" "இல்லக்கா." "உங்க வீட்டுக்காரர் பக்கம் யாருக்காவது இழுப்பு இருக்கா?" "இல்லியேக்கா." "அப்ப உங்க பக்கம் இருக்கும். நல்லா யோசிச்சுப் பாரு." பாவம், பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தாள். "எங்க சின்ன மாமா ஒருத்தர் இருமுவாரு. ஆனா அவரு பீடி குடிப்பாரு" என்றாள். "பாத்தியா!" என்றேன். எனக்கு ஒரு நிம்மதி. ஏன் நிம்மதி என்று கேட்காதீங்க. காரணம் தெரிந்தால் ஒரு நிம்மதிதானே.

டாக்டரிடம் போனார்கள். மருந்தை மூச்சோடு இழுக்க ஒரு பம்பு, அதை மாட்ட ஒரு பிளாஸ்டிக் குழல், மூக்குக்கு ஒரு மூடி கொடுத்தார். தினமும் கொடுக்கணும், நன்றாக இருக்கிற நாளிலும் கொடுக்கணும் என்று சொன்னாராம். நன்றாக இருக்கிற நாளில் எதற்கு மருந்து? நான் கேட்டது நியாயமா இல்லையா, நீங்களே சொல்லுங்க. "பவளம், பம்பு பழகிடும்டி. அப்புறம் அது இல்லாம மூச்சே வராது. பொம்பளைப் பிள்ளை வேற. நாளைக்கு ஒருத்தன் பொண்ணு பார்க்க வரும்போது இதைத் தூக்கி மறைச்சு வைப்பியா? இப்பவே யார் கண்ணுலயும் படாம வை" என்றேன். நாலு வயசுக் குழந்தைக்குக் கல்யாணப் பேச்சா என்று நீங்கள் சிரிக்கலாம். அவள் சிரிக்கவில்லை. பம்பைத் துணியில் சுற்றி முருகன் படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டாள். ரொம்ப முடியாத நாளில் மட்டும் எடுப்பாள்.

கார்த்திகையில்தான் அந்தக் கறுப்பைக் காட்டினாள். பாயைச் சுருட்டிவிட்டு, "இங்க பாருங்கக்கா" என்றாள். தரையிலிருந்து ஒரு முழ உயரத்துக்கு, அடுப்புக்கரியைப் பொடித்துத் தூவினது மாதிரி புள்ளி புள்ளியாக. தொட்டால் விரலில் வருகிறது. மக்கின வாடை.

"வீட்டுக்குள்ள ஈரத்துணி போட்டா கறுக்காம என்ன செய்யும்?" என்றேன்.

"மாடியில போட விட மாட்டேங்கறீங்களேக்கா."

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனாலும் அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. "இத்தனை வருஷமா எத்தனை குடும்பம் இருந்திருக்கு, யாரும் இப்படிச் சுவரைக் கெடுத்ததில்லை" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அது உண்மைதான். முன்னால் இருந்தவர்கள் பீரோவை இந்தச் சுவரோரம் போட்டிருந்தார்கள், அதனால் சுவர் எப்படி இருந்தது என்று தெரியாது. அந்தப் பட்டம் விட்ட பையன்களில் சின்னவனுக்கு எப்போதும் மூக்கு ஒழுகும். அதற்கு முன்னால் இருந்த பெண் குழந்தைக்கும் சளிதான். குழந்தைகள் என்றால் சளி இருக்காதா? அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

இளம்பரிதி ஒரு ஞாயிற்றுக்கிழமை துரைக்கண்ணு மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு வந்தான். என்னைக் கேட்காமல். மேஸ்திரி சுவரைத் தட்டினார், உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், என் பக்கம் வந்து பாத்ரூமைப் பார்த்தார். "அம்மா, இது மழைத்தண்ணி இல்லை. நீங்க குளிக்கிற தண்ணி. அடியில பூச்சு சரியில்லை, ஊறி அந்தப் பக்கம் போவுது. டைல்ஸை உடைச்சு முதல்லேருந்து போடணும்" என்றார்.

ஆகட்டும் என்றேன். வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை தம்பி. மழை முடியட்டும் என்றேன். மழை முடிந்ததும் மார்கழி. மார்கழியில் வீட்டை உடைப்பார்களா? என் பையனுக்கு ஃபோன் போட்டால், "நான் வந்து பார்க்கறேன், அதுவரைக்கும் கையை வைக்காதே" என்றான். அவன் எப்போது வருவான்? அப்புறம் உடைத்துவிட்டால் நான் எங்கே குளிப்பேன்? மறுபடியும் பின்கட்டு. மறுபடியும் வழுக்கல். இன்னொரு தடவை விழுந்தால் என்னைத் தூக்கிப் போட ஆள் இருக்கா?

"டாக்டர் கேட்டார்க்கா, வீட்ல ஓதம் இருக்கான்னு" என்று இளம்பரிதி வந்து நின்றான். "சுவத்துல பூக்கற அந்தக் கறுப்பு பொடியாகிக் காத்துல கலக்குமாம். அது மூச்சுக்குள்ள போனா இப்படி ஆகுமாம். ரோட்டுப் புகையும் சேர்ந்துக்குதாம். ஜன்னல் இல்லாததால எல்லாம் உள்ளேயே சுத்துதுன்னு சொன்னார்."

"அப்படின்னா எனக்கு ஏன்டா வரலை? நானும் இதே சுவத்துக்கு இந்தப் பக்கம்தானே இருக்கேன்?"

"உங்க பக்கம் டைல்ஸ்க்கா."

மரியாதையாகத்தான் சொன்னான். குரலைக்கூட உயர்த்தவில்லை. பிழை திருத்துகிறவன் இல்லையா, அவனுக்கு எங்கே கோடு போடணும் என்று தெரியும்.

அதற்குப் பிறகு நான் தண்ணீரைப் பார்த்துப் பார்த்து ஊற்றினேன். சுவர்ப் பக்கம் தெறிக்காமல் நடுவில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, சின்னச் சொம்பில் மொண்டு மொண்டு. சத்தம் வராமல். குளித்து முடித்துப் பழைய புடவையால் சுவரைத் துடைத்தும் விட்டேன். இதெல்லாம் அவர்களுக்குத் தெரியாது. நான் சொல்லிக்கொள்ளவில்லை. ஒவ்வொரு சொம்புக்கும் நடுவில் காது தானாக அந்தப் பக்கம் போகும். விசில் இருந்தால் சீக்கிரம் முடித்துக்கொண்டு எழுந்துவிடுவேன். இல்லாவிட்டால் இன்னும் இரண்டு சொம்பு.

கேட்கறீங்களா? கொட்டாவி விடாதீங்க. வீடு பார்க்க வந்தவரிடம் இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்று நினைப்பீங்க. சும்மாதான். பேச ஆள் இல்லை.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. சாயங்காலம். பவளம் குழந்தைக்குத் தலைக்கு ஊற்றியிருந்தாள். வெயில் இல்லாத நாள், அந்த நீளத் தலைமுடி காயவே இல்லை. "ஈரம் தலையில இறங்கினா இன்னும் இழுக்கும்டி, இரு" என்று சொல்லி நான் போய்த் தூபக்காலை எடுத்துக்கொண்டு வந்தேன். என் பையனுக்கு நான் சாம்பிராணி போடாத வெள்ளிக்கிழமை கிடையாது. கரியை நன்றாகக் கனலவைத்து, கை நிறையச் சாம்பிராணி போட்டு, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டேன்.

"டாக்டர் எந்தப் புகையும் ஆகாதுன்னாரேக்கா" என்றாள் பவளம்.

"கொசுவத்திப் புகையும் இதுவும் ஒண்ணாடி? இது சாமிக்குப் போடறது. சளியெல்லாம் கரைஞ்சு ஓடிடும். கதவைச் சாத்து, புகை வெளிய போவுது பாரு."

அவள் நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் போய்க் கதவைச் சாத்தினாள். சாத்த மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம் இல்லையா? பெற்றவள் அவள்தானே? ஆனால் ஓனர் சொன்னால் எப்படிச் சாத்தாமல் இருப்பாள், அதுவும் தெரிகிறது.

குழந்தைக்கு ஒரே குஷி. கையை நீட்டிப் புகையைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தது. "மேகம் ஓனர், மேகம்!" என்றது. நான் தலைமுடியை உதறி உதறி, "மேகம்தான்டி கண்ணு, மேகம்தான்" என்றேன். அவ்வளவு சந்தோஷமாக நான் சமீபத்தில் இருந்ததே இல்லை தம்பி.

முதலில் ஒரு இருமல். நான் முதுகைத் தட்டினேன். "சளி கரையுது" என்றேன். அப்புறம் இருமல் நின்றுவிட்டது. நின்றதே என்று பார்த்தால், குழந்தை வாயைத் திறந்து வைத்திருக்கிறது, உள்ளே ஒன்றும் போகவில்லை. கழுத்துக்குக் கீழே அந்தக் குழி இருக்கிறது பாருங்க, அது உள்ளே போய்ப் போய் வந்தது. விலா எலும்பு ஒவ்வொன்றும் தெரிந்தது. விசில்கூட இல்லை. விசில் இல்லாததுதான் பயம். உதடு நாவல்பழம் தின்ற மாதிரி ஆகிவிட்டது.

"பம்பு, பம்பு" என்று பவளம் ஓடினாள். அறை முழுக்கப் புகை. முருகன் படம் கீழே விழுந்து கண்ணாடி உடைந்தது. துணிச் சுருள் உருண்டு போய் எங்கோ விழுந்துவிட்டது. இரண்டு பேரும் தரையில் தடவினோம். கைக்கு எட்டுகிற இடத்தில் சும்மா வைத்திருந்தால் ஒரு நொடியில் எடுத்திருக்கலாம். யாரோ மறைத்து வைக்கச் சொன்னார்களாம். யாரோ என்ன, நான்தான். ஆனால் இப்படி ஆகும் என்று சொன்னேனா?

கிடைக்கவில்லை. அப்படியே தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினோம். நானும் ஏறினேன். இந்த முட்டியோடு எப்படி ஏறினேன் என்று எனக்கே தெரியாது. குழந்தையின் பாதம் இரண்டும் என் கையில். ஜில்லென்று இருந்தது. டிப்போ முக்கில் பஸ் குறுக்கே நின்றுகொண்டு நகரவில்லை, அதன் புகை நேராக எங்கள் மேல். ஆட்டோக்காரன் இறங்கிப் போய் டிரைவரை என்னென்னவோ திட்டினான். பவளம் திட்டவில்லை. அழவும் இல்லை. முந்தானையால் குழந்தையின் முகத்தை மூடுவதா, காற்று வேண்டுமே என்று திறப்பதா என்று தெரியாமல், மூடி மூடித் திறந்துகொண்டிருந்தாள். என்னை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் மாஸ்க் வைத்து மருந்து ஆவியைப் பிடிக்க வைத்தார்கள். ஊசி போட்டார்கள். உதட்டுக்கு மெல்ல நிறம் திரும்பியது. இருக்கிறது தம்பி, குழந்தை நன்றாக இருக்கிறது, நீங்கள் பயப்படாதீங்க. சின்னப் பையன் மாதிரி ஒரு டாக்டர். "என்னம்மா ஆச்சு? என்ன பண்ணீங்க?" என்று கேட்டார். அப்போதுதான் பவளம் என்னைப் பார்த்தாள். என் புடவை முழுக்கச் சாம்பிராணி வாடை. ஆஸ்பத்திரிக்கே தெரிந்திருக்கும்.

"வீட்ல கொஞ்சம் புகை சார்" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். என் பேரைச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். சண்டை போட்டிருப்போம், அப்புறம் சமாதானம் ஆகியிருப்போம். அவள் சொல்லாமல் விட்டதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

தை பிறந்ததும் காலி செய்தார்கள். தரையைத் துடைத்து, அடுப்பு மேடையைத் தேய்த்துக் கழுவி, சாவியைக் கையில் கொடுத்தாள். "சுவரை நாங்க ஒண்ணும் பண்ணலைக்கா" என்றாள். நான், "தெரியும்டி" என்று சொல்ல வாயெடுத்தேன். "சரி, சரி" என்றுதான் வந்தது. டெம்போவில் சாமானுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு குழந்தை, "ஓனர், டாட்டா" என்றது. கையில் அந்தப் பம்புக் குழலை வைத்துப் பொம்மை மாதிரி ஆட்டிக்கொண்டிருந்தது. மறைக்கவெல்லாம் இல்லை.

போன வாரம் இளம்பரிதியை மார்க்கெட்டில் பார்த்தேன். "குழந்தை எப்படிடா இருக்கா?" என்றேன். "பரவாயில்லைக்கா. பம்பு தினமும் கொடுக்கறோம். அங்க ஜன்னல் இருக்கு" என்றான். நான் ஜன்னலைப் பற்றிக் கேட்டேனா? குழந்தை எப்படி இருக்கிறாள் என்றுதானே கேட்டேன்? கத்தரிக்காயை வாங்காமல் வந்துவிட்டேன்.

இப்போதும் வெள்ளெனக் குளிக்கிறேன். இன்றைக்கும் குளித்தேன். அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. ஆளே இல்லாதபோது சத்தம் எப்படி வரும்? ஆனாலும் நடுவில் குழாயை மூடிவிட்டுக் கொஞ்சம் நிற்கிறேன். எதற்கு நிற்கிறேன் என்று எனக்குத் தெரியாது. ஈரத்தோடு நின்றால் எனக்கே சளி பிடிக்கும்.

சரி, என் கதை கிடக்கட்டும். நீங்கள் யோசித்துச் சொல்லுங்க. நாலு இடம் பாருங்க. அயனாவரத்தில் காற்றோட்டமான வீடெல்லாம் வருகிறது என்கிறார்கள்.

என்ன? பிடித்திருக்கா?

நான் இவ்வளவு நேரம் சொன்னதைக் கேட்டீங்களா இல்லையா தம்பி? வேலைக்குப் பக்கம் என்கிறீங்க, அது சரி. வேறு எங்கேயும் அமையவில்லை என்கிறீங்க, அதுவும் சரி. ஓதம் எந்த வீட்டில்தான் இல்லை என்கிறீங்க. ஆமாம், நானும் அதைத்தான் பவளத்திடம் சொன்னேன். அதுதான் பெயின்ட் அடித்தாச்சே என்கிறீங்களா?

ஆமாம். நான்தான் சொன்னேன்.

மேஸ்திரியா? வருவார். அடுத்த மழைக்கு முன்னால் வரச் சொல்லியிருக்கிறேன். சொல்லணும். சொல்லிவிடுவேன்.

இருங்க, எழுந்திருக்காதீங்க. இதைப் பிடிங்க. மாடிச் சாவி. இதுவரைக்கும் நான் யாரிடமும் கொடுத்ததில்லை. உங்கள் சம்சாரம் வந்ததும் துணியெல்லாம் மேலே காயப்போடச் சொல்லுங்க. வீட்டுக்குள் ஒரு கைக்குட்டைகூடக் காயப்போடக் கூடாது. அந்த நைலான் கயிற்றை நானே அறுத்துப் போட்டுவிட்டேன், பாருங்க, ஆணி மட்டும்தான் இருக்கு. சாம்பிராணியெல்லாம் வேண்டாம். சாமி ஒன்றும் நினைத்துக்கொள்ளாது. வாசல் கதவைக் காலையில், பஸ் குறைவாக இருக்கும்போது திறந்து வையுங்க. இதைவிட ஒரு ஹவுஸ் ஓனர் என்ன செய்ய முடியும், சொல்லுங்க.

திரும்புங்க. உங்கள் சட்டையின் முதுகைப் பார்க்கிறேன். இவ்வளவு நேரம் இந்தச் சுவரில் சாய்ந்தா உட்கார்ந்திருந்தீங்க? ஒன்றும் இல்லை, ஒன்றும் ஒட்டவில்லை. லேசாக ஈரம். இந்தப் பங்குனி வெயிலில் வியர்க்காதா?

தம்பி, ஒரே ஒரு விஷயம். உங்கள் கட்டிலை அந்தப் பக்கம் போட்டுக்கொள்ளுங்க, வாசலோரம். குழந்தையை மட்டும் இந்தச் சுவரோரம் படுக்க வைக்காதீங்க. தொட்டில் கட்டினாலும் அந்த மூலையில் கட்டுங்க. ஏன் என்று கேட்காதீங்க.

பெயின்ட் இன்னும் காயலை. அதான்.